கோயமுத்தூரில் ஒரே சாவி, கேத்தியில் ஏழு

எதிர்வீட்டு ஐயா கம்பளிக் குல்லாவோடு வாசலுக்கு வந்து நின்றுவிட்டால், அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தப் போகிறேன் என்று பொருள். போன டிசம்பர் முழுக்க இப்படித்தான் ஓடியது. நான் சாவியைத் திருகுவேன். வண்டி 'ஊ...ங், ஊ...ங்' என்று இழுக்கும். மூன்றாவது தடவைக்கு அவர் கதவு திறக்கும். ஐந்தாவதுக்கு டீ டம்ளரோடு வந்து வேலியில் சாய்ந்துகொள்வார். ஏழாவதோ எட்டாவதோ தடவையில், பின்னால் ஒரு மூட்டை வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, நடுங்கி நடுங்கி எஞ்சின் எடுக்கும். அவர் டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போவார்.

எனக்குச் சொந்த ஊர் கோயமுத்தூர். மாற்றலாகி வந்து நீலகிரி மலையில் கேத்திப் பள்ளத்தாக்கில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர். கார், பத்து வருடம் ஓடிய டீசல் வண்டி. மே மாதம் கோயமுத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்த்தேன். சாவியைத் தொட்டதும் எடுத்தது. மே மாதத்துக் கோயமுத்தூரில் எந்த டீசல் வண்டிதான் எடுக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் வரை தொந்தரவு இல்லை. நவம்பரில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வந்தபோது இழுக்க ஆரம்பித்தது. டிசம்பரில் விடியற்காலைக் குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்க, நான் மேலே சொன்ன நாடகம் தினசரி ஆயிற்று. ஆனால் சனிக்கிழமை பர்லியார் வழியாகக் கீழே இறங்கி, ஞாயிறு காலை அம்மா வீட்டு வாசலில் சாவி போட்டால் ஒரே திருகு. "வண்டி நல்லாத்தானே இருக்கு? நீ எந்திரிக்க சோம்பல் பட்டுட்டு அது மேல பழி போடற" என்றார் அம்மா. அந்த ஒரே வரியில் பாதி விடை இருந்தது. அதை நான் திட்டாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம் வந்தது. யாருக்கும் அதுதான் வரும். ஒரு காலையில் சுத்தமாக எடுக்காமல் போக, கேரட் மூட்டை ஏற்ற வந்த பிக்கப் டிரைவர் ஒருவர் தன் வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கொடுத்தார். சிவப்பு ஒயரை என் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினார். கறுப்பு ஒயரை மைனஸில் மாட்டாமல், எஞ்சின் இரும்பில் நல்ல இடமாகப் பார்த்துக் கவ்விவிட்டார். பேட்டரி பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வதுதான் சரியான முறை. சாவியைத் திருகியதும் எஞ்சின் சரசரவென்று சுற்றியது. பேட்டரிதான் என்று எனக்கு முடிவே ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே புது பேட்டரி. கடைக்காரர் பழையதை மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் கொஞ்சம் பரவாயில்லை. நான்காம் நாள் ஐயா மறுபடி டம்ளரோடு வந்துவிட்டார்.

பிக்கப்காரர் கறுப்பு ஒயரை எஞ்சினில் மாட்டியதால்தான் அன்று வேகமாகச் சுற்றியது, வெளியிலிருந்து வந்த கரண்ட் மட்டும் அதற்குக் காரணமில்லை என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் ஐயாவின் வைத்தியம். அவர் பல வருடம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவர். "சரிவுல நிறுத்துங்க டீச்சர். சக்கரத்துக்குக் கல்லு வைங்க. காலையில கல்லை எடுத்தா, ரெண்டாவது கியர், கிளட்சை விட்டா எடுத்துக்கும். நாங்க அப்படித்தான் ஓட்டுனோம்." இந்த மலையில் பாதிப் பேர் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள். ஒரு வாரம் நானும் செய்தேன். ஆறாம் நாள் எஞ்சின் எடுக்கவில்லை, வண்டி மட்டும் உருண்டுகொண்டே போனது. பிரேக்கை இரண்டு தடவை மிதித்ததும் மூன்றாவது மிதி கல்லாக இருந்தது. ஸ்டீயரிங்கும் அப்படியே. பிரேக்குக்கு உதவும் வாக்குவம் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகும். எஞ்சின் நின்றபிறகு மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதை நான் வீணாக்கிவிட்டிருந்தேன். கைப்பிரேக்கை இழுத்து, தேயிலைச் செடி ஓரம் மோதாத குறையாக நிறுத்தினேன். கை நடுக்கம் முதல் பீரியட் வரை போகவில்லை. பழைய லாரி வேறு, இந்த வண்டி வேறு. சரிவில் விட்டு எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், கோளாறை மாதக்கணக்கில் மூடி வைக்கிறது அது.

அன்றைக்குத்தான் குன்னூர் மார்க்கெட் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். வண்டியை நிறுத்திச் சாவியை நீட்டினேன். அவர் சாவியை வாங்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டீச்சர், செல்ஃப் மெதுவா சுத்துதா? இல்ல, நல்லா சுத்தியும் எஞ்சின் பிடிக்க மாட்டேங்குதா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தினமும் கேட்கிற சத்தம், அதில் இது எது என்று சொல்லத் தெரியவில்லை. "ஸ்டார்ட் ஆக லேட் ஆகுதுங்கண்ணா" என்றேன்.

"அது ரெண்டு வியாதிங்க. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, ஒயர், எர்த், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் என்று கரண்ட் போகும் பாதையைத் தேட வேண்டும். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கரண்டை விட்டுவிட்டு டீசல், காற்று, சூடு இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கிப் போடும் எந்தப் பொருளும் லாட்டரிச் சீட்டுதான். நான் ஒரு பேட்டரி விலைக்கு அந்தச் சீட்டை வாங்கியிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். 10 கிலோமீட்டர் ஓட்டி வந்த வண்டி பட்டறையில் சூடாகத்தான் நிற்கும், ஒரு திருகில் எடுக்கும், அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று ராத்திரி இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லை காலையில் வீட்டில் நானே பார்க்க வேண்டும். "போன்ல சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுங்க. ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்குங்க, சாதாரணமானது போதும். நான் போன்ல சொல்றேன்."

சரி என்று வாங்கினேன். பள்ளிக்கூட லேபில் மின்சாரப் பாடத்துக்கு மீட்டர் பிடித்திருக்கிறேன், பானெட்டுக்குள் பிடித்ததில்லை.

மறுநாள் காலை 6.30. வெளியே புல் நுனி வெளுத்திருந்தது. ஐயாவின் பேத்தி, பிளஸ் டூ படிப்பவள், சாவி போட உட்கார்ந்தாள். நியூட்ரல், கைப்பிரேக். எலக்ட்ரீஷியன் அண்ணா போனில் முதலில் சொன்னது: "சால்வையைக் கழட்டுங்க டீச்சர். பெல்ட்டுல மாட்டுனா கதையே வேற." இந்த ஊரில் காலை நேரத்தில் சால்வையில்லாத பெண்ணைப் பார்ப்பது அபூர்வம், அதனால் இதை நானும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பேட்டரியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. அது முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி என்று கணக்கு. வண்டியை ஓட்டி நிறுத்தியதும் பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும், பல மணி நேரம் ஓய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். அடுத்து, மீட்டரின் முட்களைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 10.4 வரை இறங்கியது. 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது, எஞ்சின் மட்டும் நொண்டுகிறது. பேத்தி இன்னொன்றைக் கவனித்தாள்: "அக்கா, ஹெட்லைட் பெருசா மங்கல." எதிர்ச் சுவரில் வெளிச்சம் கொஞ்சம்தான் குறைந்தது. பேட்டரி சோர்ந்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போது விளக்கு செத்துப்போகும். விளக்கு அதிகம் மங்காமல் இருக்க எஞ்சின் மட்டும் இழுத்தால், கரண்ட் இருக்கிறது, போய்ச் சேரவில்லை. மீட்டரே இல்லாமல் யாரும் செய்யக்கூடிய சோதனை இது.

அப்புறம்தான் அந்த அளவு. கறுப்பு முள் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழில். மேலே மாட்டியிருக்கும் கிளிப்பில் வைக்கக் கூடாது, குமிழிலேயே வைக்க வேண்டும். சிவப்பு முள் எஞ்சினின் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. எனக்கு வந்தது 1.1. பிளஸ் பக்கமும் இதே மாதிரி பார்த்தேன், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் முனை வரை. அது 0.3. அந்தப் பக்கம் 0.5 வரை பரவாயில்லை என்றார்.

1.1 வோல்ட் சின்ன எண்ணாகத் தோன்றும். பேட்டரியில் 10.4 இருந்தும் இரண்டு பக்கமும் கழிந்து செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 9 வோல்ட்தான். டீசல் வண்டியின் செல்ஃப் இழுக்கும் கரண்ட் நூறு ஆம்பியர் கணக்கில் இருக்கும். அவ்வளவு கரண்ட் போகும்போது, சாதாரண மல்டிமீட்டரில் தடை என்றே காட்டாத ஒரு துருப் படலம்கூட ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால்தான் மீட்டரைத் தடை காட்டும் ஓம் அளவில் வைத்து ஒயரைப் பார்ப்பது வீண், செல்ஃப் அடிக்கும்போதே வோல்ட்டில் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் அதற்கும் கரண்ட் தொடர்பு ஒரு பின்னல் பட்டை வழியாகத்தான். எர்த் பட்டை என்பார்கள். என் வண்டியில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருந்தது. பழைய உரிமையாளர் காலத்தில் கிளட்ச் வேலைக்காக யாரோ கழற்றி, மறுபடி போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். கீழே வெயிலில் அது சமாளித்தது. இங்கே மூன்று மாத ஈரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டது. நாலைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டுத் தொட்டால் போல்ட் சுட்டது. பிக்கப்காரர் கறுப்பு ஒயரை எஞ்சினிலேயே கவ்வியபோது இந்தக் கெட்டுப்போன பட்டையைத் தாண்டிக் குதித்துவிட்டார். வண்டி அன்றைக்கே எனக்கு உண்மையைச் சொன்னது, நான் பேட்டரிக் கடைக்குப் போனேன்.

புதுப் பட்டை, உப்புத்தாளால் இரண்டு முனையும் இரும்பு தெரியத் தேய்த்தது, மேலே கொஞ்சம் வாசலின். மொத்தச் செலவு இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் தொகை. மீட்டரில் 0.1.

மறுநாள் காலை செல்ஃப் சிங்கம் மாதிரி சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

எட்டுப் பத்து விநாடி சுற்றி, ஒரு சிலிண்டர் 'டுப்' என்று, அப்புறம் இன்னொன்று, வெள்ளைப் புகை, நடுக்கம். முதல் வியாதி போனதும் இரண்டாவது தனியாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. மெதுவாகச் சுற்றியபோது இரண்டாவதும் மோசமாகியிருக்கிறது, ஏனென்றால் டீசல் எஞ்சினுக்கு ஸ்டார்ட் ஆவதே சூட்டு விஷயம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை ஏற்றிவரும் நீராவி எஞ்சினில் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு மாட்டும் டீசல் எஞ்சினில் நெருப்பும் இல்லை, பொறியும் இல்லை. காற்றை இறுக்கி அமுக்கினால் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. கேத்தி கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, அமுக்கக் கிடைக்கும் காற்றே கம்மி. அந்தக் காற்றும் 4 டிகிரியில் உள்ளே வருகிறது, சிலிண்டர் சுவரும் பனிக்கட்டி. மெதுவாக அமுக்கினால் உண்டான சூடும் சுவரில் போய்விடும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் சுருள் மாதிரி மஞ்சள் விளக்கு எரிவது அதற்காக. கோயமுத்தூரில் ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும் வண்டி எடுக்கும், செத்தது யாருக்கும் தெரியாது. அம்மா வீட்டு வாசலில் ஒரே திருகில் எடுத்த ரகசியம் இதுதான்.

அண்ணா உடனே ஹீட்டருக்குப் போகவிடவில்லை. முதலில் டீசல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். என் வண்டியில் டீசல் பில்டர் மேல் கையால் அமுக்கும் பம்ப் இருக்கிறது. காலையில் சாவி போடுவதற்கு முன் அது கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே எடுக்கிறதா? எடுத்தால், ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பி ஏர் புகுகிறது என்று அர்த்தம், குழாயையும் வாஷரையும் தேட வேண்டும். எனக்கு வித்தியாசமே இல்லை. அடுத்து, வண்டிக் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டிப் போனில் எஞ்சின் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்தோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெளிக் குளிரோடு ஒத்துப்போக வேண்டும். சென்சார் பொய் சொல்லி 60 டிகிரி என்று காட்டினால், எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் ஹீட்டரையே போடாது. எனக்கு 6 காட்டியது, சரிதான்.

பிறகு ஹீட்டர் பிளக். சாவி ஆனில் அவற்றின் பொதுப் பட்டையில் 11 வோல்ட்டுக்கு மேல் வந்தது, அதனால் ரிலேயும் ஃப்யூஸும் நலம். சாவியை எடுத்துவிட்டு, பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே ஓம் பார்த்தேன். முதல் பிளக் 1.0. இரண்டாவது 1. மூன்றாவது 1. நான்காவது 1. நாலும் ஒரே மாதிரி, நாலும் நன்றாக இருக்கிறது என்று பெருமையாகப் போன் செய்தேன்.

"புள்ளி எங்க இருக்குன்னு பாருங்க. ஒண்ணு இடது ஓரமா தனியா நிக்குதா?"

ஆமாம். முதலாவதில்தான் 1.0. மற்ற மூன்றிலும் இடது ஓரத்தில் ஒற்றை 1. அளவுக்கு மீறிய தடை, அதாவது கம்பி அறுந்தே போயிற்று என்பதைச் சாதாரண மீட்டர் அப்படித்தான் காட்டும்.

"அது ஒண்ணு இல்ல டீச்சர், ஒண்ணுமில்ல!" என்று சிரித்தார். பௌதிகம் படித்தவளுக்கு இந்த அவமானம் தேவைதான். நல்ல பிளக் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும். மீட்டரின் முட்களை ஒன்றோடொன்று தொட்டால் 0.3 காட்டியது, அதைக் கழித்தால் என் முதல் பிளக் 0.7. ஒரே ஒரு சிலிண்டர் சூடேறி, அது பற்றி, மற்ற மூன்றையும் உதைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்து அணைந்தது. என் வண்டியில் அது வெறும் டைமர், பிளக் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

கழற்றும் வேலையை நான் தொடவில்லை. வருடக்கணக்கில் கரி பிடித்த ஹீட்டர் பிளக் உள்ளேயே முறிந்தால் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டை இறக்கும் நிலைகூட வரலாம். முதல் நாள் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி எடுத்தார் அண்ணா. ஒரு பிளக்குக்கு முக்கால் மணி நேரம். நான்கையும் மாற்றினோம். உயிரோடு இருந்த ஒன்றை மிச்சம் பிடிப்பது அறிவில்லாத சிக்கனம் என்றார்.

வெள்ளைப் புகை பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள், ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று. என்னுடையது கண்ணை எரிக்கும், டீசல் நாற்றம் அடிக்கும், ஒரு நிமிடத்தில் நிற்கும். அது எரியாத டீசல். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, கூலண்டும் குறைந்தால்தான் கேஸ்கெட் பயம். ஆயிலையும் மாற்றச் சொன்னார்கள். 15டபிள்யூ என்ற தரத்து ஆயிலின் இளக்கத்தைச் சோதிப்பதே மைனஸ் 20 டிகிரியில். கேத்திக் குளிருக்கு அது குற்றவாளி இல்லை. பேப்பரைக் கொளுத்திக் காற்றுக் குழாயில் காட்டச் சொன்னவரும் உண்டு, ஸ்பிரே அடிக்கச் சொன்னவரும் உண்டு. பழுக்கச் சூடான ஹீட்டர் பிளக் இருக்கும் எஞ்சினுக்குள் ஈத்தர் ஸ்பிரே அடிப்பது வெடி வைப்பதற்குச் சமம். செய்யாதீர்கள்.

செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் அரை நிமிடமாவது விட வேண்டும். ஒரு மாதம் நான் செய்த கொடுமையைத் தாங்கியதற்கு அந்த மோட்டாரை மெச்ச வேண்டும். என் 4 கிலோமீட்டர் ஓட்டத்தில், பனிமூட்டத்துக்கு லைட்டும் வைப்பரும் பின்கண்ணாடி ஹீட்டரும் போட்டால், பேட்டரிக்குத் திரும்பப் போவது சொற்பம். குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். அதனால் இப்போது வாரம் ஒருமுறை கோத்தகிரி வரை ஒரு சுற்று. சார்ஜுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஹீட்டர் கதை கிடையாது. முதல் கேள்வி அவர்களுக்கும் அதேதான். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும் வரை இரண்டு மூன்று விநாடி விட்டு, ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி இரண்டு தடவை செய்த பிறகு உடனே எடுத்தால், ராத்திரியில் பெட்ரோல் அழுத்தம் கசிந்து இறங்குகிறது. அங்கிருந்து தேடலாம்.

பிளக் மாற்றிய மறுநாள், ஜனவரி இரண்டாம் வாரம், கண்ணாடியில் உறைபனியைப் பழைய அட்டையால் சுரண்டிவிட்டு உட்கார்ந்தேன். மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருகினேன். இரண்டு சுற்றில் பிடித்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. அன்று பிரேயருக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

சாயங்காலம் வேலியோரம் ஐயா கேட்டார்: "ஏன் டீச்சர், இன்னிக்கு லீவா?"